கல்லில் வெட்டும் முன்: திருப்பணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பணிக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நீங்கள் அனுப்பிய கறுப்பு கிரானைட் பலகை போன செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு வந்து சேர்ந்தது. ஆறடிக்கு மூன்றடி, கீறல் இல்லாத நல்ல கல். இரண்டு பழைய லாரி டயர் மேல் படுக்கப் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். வேலையை மட்டும் தொடங்கவில்லை. தினமும் உங்களில் யாராவது ஒருவர் போன் போட்டு "என்னப்பா ஆச்சு" என்கிறீர்கள். ஒருவரிடம் சொன்னதை இன்னொருவர் வேறு மாதிரி கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதிவிட்டேன். டீக்கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நடந்தது இதுதான். புது ராஜகோபுரத்தின் உள்சுவரில் பதிக்க ஒரு கல்வெட்டு வேண்டும் என்றீர்கள். கட்டியவர்கள் பெயர், குடமுழுக்கு நாள், அப்புறம் "கோபுரம் என்ற சொல்லின் பெருமை" என்று ஒரு பத்தி. முதல் தாளை பால் சொசைட்டித் தலைவர் அண்ணன் கொண்டுவந்தார். அதில் 'கோ' என்றால் பசு, 'புரம்' என்றால் ஊர், பசுக்கள் நுழையும் வாசல்தான் கோபுரம் என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து, ரிட்டையரான தமிழாசிரியர் ஐயா ஆட்டோவில் வந்து இறங்கினார். "அதை எடுத்துப் போடு தம்பி, 'கோ' என்றால் அரசன், 'புரம்' என்றால் உயர்ந்த இடம், முழுக்க முழுக்கத் தமிழ்" என்று வேறு தாளைக் கொடுத்தார். மறுநாள் பொருளாளர் போன் செய்து, "சண்டை வேண்டாம், ரெண்டையும் போட்டு முடிச்சுவிடு" என்றார்.

எனக்கு எழுத்துக்கு 30 ரூபாய். ரெண்டையும் போட்டால் மொத்தம் 412 எழுத்து வருகிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். 12,360 ரூபாய். வாயை மூடிக்கொண்டு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் என் அப்பா உளியால் வெட்டிய எழுத்து எங்கள் வீட்டுப் பக்கத்து சத்திரத்தில் இன்றும் நிற்கிறது. நான் ஸ்டிக்கர் ஒட்டி, மணலை அடித்து எழுத்து எடுக்கிற ஆள்தான். அதற்காக எழுத்தின் ஆயுசு குறைந்துவிடாது. நூறு வருஷம் கழித்து வாசலில் நிற்கிற ஒரு பிள்ளை, கல்லில் இருப்பதால் அது உண்மை என்றே நம்பும். அந்தப் பிள்ளைக்கு நாம் யூகத்தை எழுதி வைத்துவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் என் கேள்வியும் கவலையும்.

பசுக் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வடமொழியில் 'கோ' என்றால் பசு. சரி. சாயங்காலம் மாடுகள் ஊருக்குள் திரும்பும் வழியில் இருந்த வேலிக் கதவுதான் பிற்காலத்தில் கோபுரமாக வளர்ந்தது என்று கட்டடக்கலை எழுதிய சிலரும் சொல்லியிருக்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. புழுதி, மணியோசை, அந்தி வெளிச்சம் எல்லாம் கண்ணில் வருகிறது. சொல்லைப் பிரித்துப் பார்த்து அதிலிருந்து எழுப்பிய கதை அது. அந்த வேலிக் கதவை யாரும் தோண்டி எடுத்துக் காட்டவில்லை.

அரசன் கட்சியும் இளைத்தது இல்லை. தமிழில் 'கோ' அரசன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கோமகன், கோன், கோயில் எல்லாம் அதே கோ. ஆனால் 'புரம்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. அதை வடமொழிப் 'புர' என்பவர்கள் உண்டு, தமிழ் வேர் என்பவர்கள் உண்டு, 'புறம்' என்பதுதான் ரகரமாக மாறியது என்பவர்களும் உண்டு. இது போதாதென்று, பசுவும் வேண்டாம் அரசனும் வேண்டாம், 'காத்தல்' என்ற பொருள் தரும் வடமொழி வேரிலிருந்து வந்தது என்று மூன்றாவது கட்சி ஒன்றும் இருக்கிறது. (ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. 'கோ'வே அரசன் என்றால் நாம் 'ராஜகோபுரம்' என்று சொல்வது 'நடு சென்டர்' மாதிரி ஆகிவிடுகிறதே! இதை வாதமாகச் சொல்லவில்லை, சிரிப்பதற்குச் சொல்கிறேன்.)

சொல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இத்தனை இழுபறி. அது எதைக் குறித்தது என்பதில் தகராறே இல்லை. அமரகோசம் என்ற பழைய வடமொழி நிகண்டு, ஊரின் வாசலே கோபுரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அர்த்தசாஸ்திரத்தில் கோட்டை கட்டும் பகுதியில் கோபுரம் வருகிறது. அங்கே கோயில் பேச்சே இல்லை. மதிலில் வைக்கும் வாசல்களில் ஒரு வகை அது. அதன் முகப்பை உடும்பு முகம் போல அமைக்கச் சொல்கிறது அந்த நூல். எனக்கு இதைப் படித்தபோது நம் ஊர்க் கோபுரம் நினைவுக்கு வந்தது. எதிர்த் தெருவிலிருந்து பார்த்தால் அந்த இருட்டு வழி, எதையோ விழுங்கப் போகிற வாய் மாதிரிதான் இருக்கிறது.

வாய் என்றதும் என் சங்கதிக்கு வந்துவிட்டேன்.

இதற்குத் தமிழில் இருக்கிற சொல் வாயில். பள்ளிக்கூடத்தில் இலக்கணப்போலி என்று ஒன்று படித்திருப்போம். இல்லத்தின் முன் 'இல்முன்'. அது திரும்பி 'முன்றில்' ஆயிற்று. இல்லத்தின் வாய் 'இல்வாய்'. அது திரும்பி 'வாயில்' ஆயிற்று. தமிழாசிரியர் ஐயாவிடமே நான் ஏழாம் வகுப்பில் இதைப் படித்தேன், அவருக்கு நினைவிருக்காது. இன்னொன்றையும் பாருங்கள். கோ இருக்கும் இல், கோயில். இல்லுக்கு உள்ள வாய், வாயில். இரண்டு சொல்லுக்குள்ளும் ஒரே வீடுதான் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து, யாரும் சண்டை போடாத ஒரு சொல் வரலாறு கையில் இருக்கும்போது, நாம் ஏன் பசுவுக்கும் ராஜாவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டும்?

வாயில்தான் வாசல் ஆனது. ஊர்ப் பெயரிலேயே அந்த மாற்றம் நிற்கிறது. திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல், சங்கப் புலவர் குடவாயில் கீரத்தனார் காலத்தில் குடவாயில். 'குட' என்றால் மேற்கு. இன்று பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிடுவது குடவாசல்.

வாசல் என்றால் சின்னது, கோபுரம் என்றால் பெரியது என்று உங்களில் ஒருவர் போனில் சொன்னார். அந்த அண்ணனுக்காகத்தான் அடுத்த இரண்டு மூன்று பத்தி.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஓர் அரண்மனை வருகிறது. கட்டடம் தொடங்கும் இடத்திலிருந்தே சொல்கிறார். கட்டட நூல் படித்தவர்கள் நுணுக்கமாகக் கயிறு இட்டு அளக்கிறார்கள். நான் இன்று காலையில் ஒரு சமாதிக் கல்லுக்கு நூல் அடித்தேன். சாக்பீஸ் தூளில் தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு. அதே வேலைதான். அப்புறம் அந்த அரண்மனைக்கு வாசல் வருகிறது: "குன்று குயின்றன்ன ஓங்குநிலை வாயில்". ஒரு குன்றையே குடைந்து வழி விட்டது போல உயரமான நிலையை உடைய வாயில். எவ்வளவு உயரம் என்றால், வெற்றிக் கொடியை நிமிர்த்திப் பிடித்தபடி யானை உள்ளே போகலாம். யானை மேல் ஆள், ஆள் கையில் கொடி, கொடி சாயவே வேண்டாம். அதற்கு அவர் வைத்த பெயர் வாயில்.

அதற்கு முந்திய வரியில், அந்த நிலைக்கு நெய் பூசி ஐயவி அப்பியிருக்கிறார்கள் என்று வருகிறது. ஐயவி என்றால் வெண்கடுகு. நிலையில் தெய்வம் இருக்கிறது என்பதற்காக. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை வாசக்காலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறார்களே, அதன் தாத்தா இது. வீடு கட்டும்போது 'நிலை வைக்கிறோம்' என்று நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைக்கிறோமே, அந்த நிலையும் 'ஐந்துநிலைக் கோபுரம்' என்று நீங்கள் நோட்டீஸில் போட்டிருக்கிற நிலையும் ஒரே சொல். கதவைத் தாங்குகிற சட்டமும் நிலை, கோபுரத்தின் அடுக்கும் நிலை.

மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் மதுரைக் கோட்டை வாசலைச் சொல்லும்போது உயரத்தைப் பற்றிப் பேசிவிட்டு, "வையை அன்ன வழக்குடை வாயில்" என்கிறார். வையை ஆறு போல ஓயாமல் ஆள் நடமாட்டம் உள்ள வாயில். ஆற்றை நடமாட்டத்துக்கு உவமை சொன்ன மனுஷன் எத்தனை நாள் அந்த வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்! சித்திரை மாதம் மதுரையில் கீழக்கோபுர வாசலில் நின்றவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி சிலம்போடு வந்து நிற்பதும் வாயிலில்தான். "வாயிலோயே வாயிலோயே" என்று காவலனைக் கூப்பிடும் அந்த இடம் தெரியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. அதுவும் பாண்டியன் அரண்மனை வாசல். சின்ன வாசலாக இருந்திருக்காது.

"அதெல்லாம் அரண்மனை, இது கோயில்" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகலாம். ராஜராஜன் கட்டி 1010இல் முடித்தது. உள்ளே போகும் வழியில் அவன் காலத்துக் கோபுரங்கள் இரண்டு. முன்னால் இருப்பது ஐந்து நிலை, அதற்கு அடுத்தது மூன்று நிலை. அந்தக் கோயில் கல்வெட்டுகளில் முன்னதன் பெயர் கேரளாந்தகன் திருவாசல், பின்னதன் பெயர் ராஜராஜன் திருவாசல். உள்ளே சன்னிதிக்குப் பக்கத்தில் இன்னொன்று, திருவணுக்கன் திருவாசல். மூன்றும் வாசல். ராஜராஜன் திருவாசலில் இரண்டு பக்கமும் ஒரே கல்லில் செதுக்கிய துவாரபாலகர்கள் நிற்கிறார்களே, அவர்கள் கால் பக்கம் நம் தலை எங்கே வருகிறது என்று ஒரு தடவை நின்று பாருங்கள். வாசல் என்ற சொல் சின்னதா பெரியதா என்பது அங்கே தெரிந்துவிடும். நீங்கள் கட்டியிருப்பதும் ஐந்து நிலை. கேரளாந்தகன் திருவாசலும் ஐந்து நிலை. வேறு என்ன பெருமை வேண்டும்?

தொழில் புத்தி, இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். நான் புள்ளி வைத்துத்தான் வெட்டுவேன். அதற்குத் தனிக் காசு கிடையாது.

கோபுரம் என்ற சொல்லே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நம் நாக்கில் புழங்கும் சொல் அது. எந்த ஊர்ச் சொத்து என்று அதனிடம் இனி ரேஷன் கார்டு கேட்க முடியாது. இடையில் அதன் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அந்த நகர்வுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி.

ஆரம்பத்தில் கோயில் கோபுரங்கள் அடக்கமாகத்தான் இருந்தன. காஞ்சி கைலாசநாதர் கோயில் 8ஆம் நூற்றாண்டு. அங்கே கண்ணை இழுப்பது கருவறைக்கு மேலே எழும் விமானம். தஞ்சையிலும் விமானம்தான் ராஜா, வாசல்கள் சேவகர்கள். அப்புறம் 12ஆம் நூற்றாண்டு தொட்டு நிலைமை தலைகீழ். கருவறையைப் பெரிதாக்க முடியாது. மூலவரை நகர்த்தவா முடியும்? வருகிற ஒவ்வொரு ராஜாவும் வெளியே ஒரு சுற்று மதில் போட்டான், மதிலுக்கு வாசல் வைத்தான், முன்னவன் வைத்ததைவிட ஒரு முழம் உயர்த்தினான். உள்ளே போகப் போகக் கோபுரம் சின்னதாகிக்கொண்டே போவதன் ரகசியம் இதுதான். மதுரைத் தெற்குக் கோபுரம் 1559இல் சுமார் 160 அடி. திருவண்ணாமலை ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. ஸ்ரீரங்கத்தில் மொட்டையாக நின்றதை நம் காலத்தில் 13 நிலை, 236 அடிக்கு உயர்த்தி 1987 மார்ச்சில் குடமுழுக்குச் செய்தார்கள். அடிப்பகுதி கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். இல்லாவிட்டால் அந்தப் பாரத்தை எந்த வாசக்கால் தாங்கும்?

இப்படி உயர்ந்து உயர்ந்து, கடைசியில் சொல்லிலிருந்து வாசல் கழன்று விழுந்துவிட்டது. உயரம் மட்டும் மிஞ்சியது. இன்று செல்போன் கோபுரம் என்கிறோம், மின்கோபுரம் என்கிறோம், ஈபிள் கோபுரம் என்கிறோம். செல்போன் கோபுரத்துக்குள் யார் நுழைந்து எந்தச் சாமியைப் பார்க்கப் போகிறார்கள்? ஊர் வாசலுக்கு இருந்த பெயர் இப்போது வாசலே இல்லாத இரும்புச் சட்டத்துக்குப் போய்விட்டது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போகிற வழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றும். பார்ப்பதற்கு ஒரு பொருளாகிவிட்டது. நுழைவதற்கு வைத்தது என்பது மறந்துவிட்டது.

அதனால் நம் ஜனங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 'கோபுர வாசல்' என்கிறார்கள். பழைய பொருளில் பார்த்தால் 'வாசல் வாசல்' என்று இரண்டு தடவை சொல்கிற மாதிரி. ஆனால் தப்பே இல்லை. "கோபுர வாசல்ல நிக்கிறேன், சீக்கிரம் வா" என்று செருப்பு விடும் இடத்தில் நின்றபடி போனில் கத்துகிறவருக்கு இலக்கணம் தெரிந்திருக்கிறது.

தோரணத்துக்கும் இதே கதிதான். சாஞ்சியில் நிற்கிறதே, இரண்டு தூண், மேலே மூன்று குறுக்குக் கல், உடம்பெல்லாம் சிற்பம், அதுதான் தோரணம். வாசலே தோரணம். தெற்குத் தோரணத்தில் ஒரு பகுதியைச் செதுக்கியவர்கள் விதிசா ஊரைச் சேர்ந்த யானைத்தந்த வேலைக்காரர்கள் என்று அங்கேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். (தந்தத்தில் பழகிய கை கல்லுக்கு வந்திருக்கிறது. எனக்கு அந்த ஒரு வரிக்காகவே அங்கே போக வேண்டும் என்று ஆசை.) நமக்கோ தோரணம் என்றால் மாவிலை, தென்னங்குருத்து, இப்போது பிளாஸ்டிக் பூ. வாசலின் பெயர் வாசலில் தொங்கும் இலைக்கு வந்துவிட்டது. ஆனால் திருப்பாவையில் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நந்தகோபன் அரண்மனைக்கு வந்து நிற்கும் பெண்கள், "கொடித்தோன்றும் தோரண வாயில் காப்பானே, மணிக்கதவம் தாள்திறவாய்" என்று கேட்கிறார்கள். அதே பாட்டில் 'கோயில்' என்று வருவது அந்த அரண்மனையைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் 11 நிலை, 192 அடிக் கோபுரம் நிற்கிறது. அந்த ஊர்ப் பெண் பாடியது வாயில்.

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் நக்கீரர் பெயரிலேயே ஒரு தோரண வாயில் இருந்தது. அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் அதை ஆர்ச் என்றுதான் சொல்வார்கள். யானை கொடியோடு போகிற வாயிலைப் பாடியவர் பெயரில் இருந்த வாயில், லாரியும் பஸ்ஸும் போக இடைஞ்சல் என்று 2025 பிப்ரவரியில் இடிபட்டது. இடிக்கும்போது தூண் சரிந்து பொக்லைன் ஓட்டியவர் உயிர் போனது. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

வாசல் என்ற சொல்லுக்கு வருகிறேன். அதற்கு இருக்கிற செல்வாக்கு வேறு எந்தக் கட்டடச் சொல்லுக்கும் கிடையாது. தமிழ் முஸ்லிம்கள் தொழுகை நடத்தும் இடம் முழுவதையுமே பள்ளிவாசல் என்கிறோம். வைகுண்ட ஏகாதசிக்குத் திறப்பது சொர்க்கவாசல். ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் என்பார்கள். வைகுண்டத்துக்கே வாசல் போதுமானதாக இருக்கிறது. அதே ஸ்ரீரங்கத்தில் உள்ளே போனால் நாழிகேட்டான் வாசல். திருக்குறளில் கண், காது முதலான ஐம்பொறிகளும் வாயில்தான்: "பொறிவாயில் ஐந்தவித்தான்". அகப்பாட்டில் ஊடல் தீர்க்கத் தூது போகிற பாணனுக்கும் தோழிக்கும் வாயில்கள் என்று பெயர். காலையில் எங்கள் வீட்டில் முதல் வேலை வாசல் தெளிப்பது. எங்கள் பாட்டி இருந்தவரை, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசப்படியில் யாரையும் உட்கார விட மாட்டாள்.

சரி, கல்லில் தப்பாக வெட்டினால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊருக்கு நுழைவாயில் கல் செய்து கொடுத்தேன். கொடுத்த தாளில் 'நுழைவாயிள்' என்று இருந்தது. பெரிய இடத்துத் தாள், நமக்கென்ன என்று அப்படியே வெட்டிவிட்டேன். திறப்பு விழாவன்று மேடையில் ஒருவர் சிரித்தார். மறுநாள் கல் திரும்பி வந்தது. அரால்டைட்டில் கல்தூளைக் குழைத்து ஒரு 'ள்'ளை மட்டும் அடைத்து, தேய்த்து, மேலே 'ல்' எடுத்தேன். வெயிலில் பார்த்தால் தெரியாது. மழை பெய்து கல் நனைந்தால் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும். நான் அந்த ஊர் வழியாக மழைக்காலத்தில் போவதில்லை.

அது ஒரு எழுத்து, திருத்த முடிந்தது. நீங்கள் கொடுத்திருப்பது ஒரு பத்தி. அதுவும் எழுத்துப் பிழை இல்லாத பத்தி, அதனால் யாரும் சிரிக்கவும் மாட்டார்கள், நம்பிவிடுவார்கள்.

சொல் கதை எப்படி முளைக்கும் என்பதற்குத் திருவண்ணாமலை மேற்குக் கோபுரமே சாட்சி. அதைப் பேய்க் கோபுரம் என்கிறார்கள். பேய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மேலைக் கோபுரம் 'மே கோபுரம்' ஆகி, 'பே கோபுரம்' ஆகி, கடைசியில் பேய் வந்து ஏறிக்கொண்டது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். யாராவது நடுவில் ஒரு கல்லில் "இங்கே பேய் குடியிருந்ததால் இப்பெயர்" என்று வெட்டி வைத்திருந்தால் நம் கதி என்ன? பேய்க்குத் திருவிழா எடுத்திருப்போம்.

இப்போது என் யோசனை. சொல் பிறந்த கதையை முழுசாக எடுத்துவிடுங்கள். பால் சொசைட்டி அண்ணனும் தமிழாசிரியர் ஐயாவும் அதைத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும். பேச வேண்டிய விஷயம்தான், நானே டீ வாங்கிக்கொண்டு வருகிறேன். கல்லில் மேலே பெரிய எழுத்தில் "ஐந்துநிலை ராஜகோபுரத் திருவாசல்". கீழே, ஊரார் உபயத்தில் கட்டியது. அடுத்த வரியில் வேலை தொடங்கிய நாள், குடமுழுக்கு நாள். அதற்கும் கீழே ஸ்தபதி பெயர், சுதை வேலை செய்தவர்கள் பெயர், செங்கல் சுமந்த சித்தாள்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, கோபுரம் தாங்கி பொம்மைக்குக்கூட கோபுரத்தில் இடம் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் மேஸ்திரி எழுதி வைத்திருப்பார், கேட்டால் தருவார். விதிசாக்காரர்கள் எழுதி வைத்துக்கொண்டதால்தானே இரண்டாயிரம் வருஷம் கழித்தும் நாம் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

இதற்கு 140 எழுத்துக்குள் ஆகும். 4,200 ரூபாய். கொடுத்த முன்பணத்திலேயே அடங்கிவிடும், மீதியை நான் திருப்பித் தர வேண்டியிருக்கும். காலியாக இருக்கிற இடத்தில் ஒரு யானை வரைந்து தருகிறேன், கொடியோடு. அதற்குக் காசு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் முழு நாள் கரண்ட் கிடையாது, கம்ப்ரஸர் ஓடாது. புதன்கிழமைக்குள் சொல்லிவிட்டால் வியாழக்கிழமை மணல் அடித்து, சனிக்கிழமை தங்கப் பெயிண்ட் போட்டு, ஞாயிறு காலை டாடா ஏஸில் ஏற்றிவிடலாம். யாராவது ஒருவர் மட்டும் போன் செய்தால் போதும். மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கல்லெழுத்து வேலைக்காரன்